எறும்பு வராத தென்னை

மொட்டப்பாறைப்பட்டி பால் சொசைட்டியில் முத்துத்தாய் உட்கார்ந்திருக்கும்வரை பாலில் தண்ணீர் கலப்பது நடக்காத காரியம். செக்கானூரணியிலிருந்து மேற்கே மூன்று கிலோமீட்டர் உள்ளே தள்ளிக் கிடக்கும் ஊர் அது. காலை ஐந்தரைக்கெல்லாம் கேனும் தூக்குவாளியுமாக ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். முத்துத்தாய் மூடியைத் திறந்து, அகப்பையை உள்ளே விட்டு ஒரு கலக்குக் கலக்கி, மேலே தூக்கி ஊற்றிப் பார்ப்பாள். மிஷின் சிவப்பு எழுத்தில் கணக்குச் சொல்வதற்கு முன்பே அவள் புருவம் சொல்லிவிடும். இருபத்திரண்டு வருசமாக அவள் பார்க்கிற வேலை இது.

"ஏன் மாமா, நேத்து உங்க மாடு ஊருணிக்குள்ளயே படுத்துக் கெடந்துச்சோ?" என்று அவள் கேட்டால் வரிசையே சிரிக்கும். கேட்கப்பட்டவர் மட்டும் சிரிக்கமாட்டார்.

இதில் அவளுக்குச் சொந்தம், அந்நியம் எல்லாம் கிடையாது. ஆறு வருசத்துக்கு முன்பு அவள் வீட்டுக்காரர் காசிமாயனின் பங்காளி அழகுபாண்டி கொண்டுவந்த பாலையே, ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, "இது வேணாம், கொண்டு போங்க" என்று திருப்பி விட்டவள் அவள். அழகுபாண்டி அவளுக்குக் கொழுந்தன் முறை. அன்றைக்கு வாயை மூடியவன்தான். கேனை வைப்பான், கேனை எடுப்பான். மதினி என்ற ஒரு சொல் அவன் வாயிலிருந்து அதற்குப் பிறகு வரவில்லை.

காசிமாயனுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஒன்றரை ஏக்கரில் சம்பங்கி, வீட்டில் இரண்டு மாடு. போன ஐப்பசி மழையில் பூ எடுக்கப் போனவர் நாலாவது பாத்தி தாண்டும்போது மூச்சு வாங்கி வரப்பில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் படுத்தால் மூச்சு முட்டியது, உட்கார்ந்தால்தான் விட்டது. கால் இரண்டும் பொதபொதவென்று வீங்கிக் கிடந்தன. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். டாக்டரம்மா எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, "நல்ல இருதயம் ஒரு தடவை அழுத்தினா உள்ள இருக்கிற ரத்தத்துல நூத்துக்கு அறுபது பங்கு வெளிய தள்ளும். இவருக்கு இருபத்தெட்டுதான் தள்ளுது" என்றார். ஐந்து வகை மாத்திரை எழுதினார். உப்பைக் குறை, தண்ணீரை அளந்து குடி, இளநீர் தொடாதே என்று சொல்லிவிட்டு, கடைசியாக ஒன்று சொன்னார்.

"தினமும் காலையில எடை பாக்கணும். மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறுச்சுன்னா உடனே கூட்டிட்டு வாங்க. அது சதை இல்ல, தண்ணி."

முத்துத்தாய் அதுவரை எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தவள், அந்த இடத்தில்தான் நிமிர்ந்து பார்த்தாள். இது அவளுக்குத் தெரிந்த வேலை.

வீட்டில் எடை மிஷின் இல்லை. சொசைட்டியில் மாட்டுத் தீவன மூடை நிறுக்கிற எலக்ட்ரானிக் தராசு இருந்தது. பால் வண்டி கேன்களை ஏற்றிக்கொண்டு போனதும் காசிமாயன் வந்து அதில் ஏறி நிற்க வேண்டும் என்பது சட்டமாயிற்று. முத்துத்தாய் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைப்பாள். டீக்கடைப் பெஞ்சில் இருப்பவர்கள், "என்னண்ணே, இன்னிக்கு மூடை எம்புட்டுத் தேறுது?" என்று கேட்பார்கள். அவரும் சளைக்காமல், "தவிடு கம்மி, பிண்ணாக்கு ஜாஸ்தி" என்பார். கார்த்திகை, மார்கழி இரண்டு மாதமும் அறுபத்தொரு கிலோவை விட்டு எண் அசையவில்லை. மனிதர் மறுபடி சம்பங்கிக் காட்டுக்குப் போனார். பத்துப் பாத்தி எடுத்தார். முத்துத்தாய் உப்பில்லாத குழம்பில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து விட்டு, முகத்தைச் சுளிக்காமல் தானும் அதையே தின்றாள்.

தை பிறந்த பிறகு வேறொன்று நடந்தது. காசிமாயன் துண்டைப் போர்த்திக்கொள்ள ஆரம்பித்தார்.

இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் அந்த மனிதர் கல்யாணம், கோர்ட்டு, ஆஸ்பத்திரி மூன்றுக்கும் தவிர சட்டை போட்டு யாரும் பார்த்ததில்லை. மாட்டுத் தொட்டிப் பக்கத்தில் நின்று குளிக்கிறவர். அரசாங்கம் கட்டிக் கொடுத்த குளியலறை மூச்சு முட்டுகிறது என்று அதற்குள் விறகு அடுக்கியவர். இப்போது விறகை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, கதவைச் சாத்திக் குளித்தார். குளித்து வந்ததும் துண்டைக் கழுத்தைச் சுற்றி மார்பு மறைய விட்டுக்கொண்டார். பனி என்றார். மாசி பிறந்தது, பனி போனது, துண்டு போகவில்லை.

முத்துத்தாய் அதையும் பார்த்து வைத்திருந்தாள். கேட்கவில்லை.

மாசி முதல் வாரத்தில் ஒரு புதன்கிழமை தராசு அறுபத்தொன்று இருநூறு காட்டியது. வியாழன் அறுபத்திரண்டு. வெள்ளிக்கிழமை அறுபத்து மூன்று நானூறு.

"எறங்கி மறுபடி ஏறுங்க."

ஏறினார். அதேதான்.

"துண்டு ஈரம்" என்றார் காசிமாயன்.

"ரெண்டு கிலோ ஈரமா? கெணத்தப் பிழிஞ்சு தோள்ல போட்டுருக்கீகளா?"

"ஏத்தா, காலங்காத்தால ஆரம்பிக்காத. தராசு கோளாறா இருக்கும்."

அவள் சீல் பிரிக்காத ஐம்பது கிலோ தீவன மூடை ஒன்றை இழுத்துத் தராசில் ஏற்றினாள். ஐம்பது காட்டியது. இறக்கி மறுபடி ஏற்றினாள். ஐம்பதுதான். பிறகு குனிந்து அவர் கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தாள். விரல் பட்ட இடம் குழியாகவே நின்றது.

"மாத்திரை போடுறீகளா?"

"போடாம? நீயே அட்டைய எண்ணிப் பாரு."

அதையும் எண்ணினாள். வீட்டுக்குப் போய் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு, அட்டை அட்டையாக எண்ணினாள். சரியாகத்தான் குறைந்திருந்தது. மாத்திரை குறைகிறது, தண்ணீர் ஏறுகிறது. இரண்டும் ஒன்றாக எப்படி உண்மையாக இருக்கும்? தராசு பொய் சொல்லவில்லை என்பது தெரிந்துவிட்டது. அப்படியானால் மாத்திரையில்தான் கோளாறு என்று முடிவு கட்டி, டப்பாவை அப்படியே மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு ஒன்பது மணி மினி பஸ்ஸில் செக்கானூரணிக்குப் போனாள்.

மெடிக்கல் கடையில் பாண்டிச்செல்வி இருந்தாள். மொட்டப்பாறைப்பட்டிக் கிழக்குத் தெருப் பெண். அவள் அம்மா செல்லக்கிளி முன்பெல்லாம் கூலிக்குப் பூ எடுத்தவள். இப்போது சொந்தமாக மூன்று மாடு வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறாள். பாண்டிச்செல்வி மதுரையில் பார்மசி படித்துவிட்டு வந்து இரண்டு வருசமாக இந்தக் கடையில் நிற்கிறாள். வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு அவள் சீட்டைப் படிக்கும்போது, மீசை வைத்த பெரிய ஆட்கள்கூடக் கைகட்டி நிற்பதை முத்துத்தாய் பார்த்திருக்கிறாள்.

"தாயி, இந்த மாத்திரை நல்ல மாத்திரைதானா? சரக்கு ஏதும் மாறிப்போச்சா?" என்று டப்பாவைக் கவிழ்த்தாள்.

பாண்டிச்செல்வி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். "எல்லாம் சரியாத்தாம்மா இருக்கு. தேதிகூட நெறையக் கெடக்கு. என்னாச்சு?"

முத்துத்தாய் தராசுக் கதையைச் சொன்னாள். மூடையை ஏற்றிச் சரிபார்த்ததையும் சேர்த்துச் சொன்னாள். பாண்டிச்செல்விக்குச் சிரிப்பு வந்தது; ஆனால் சிரிக்கிற விஷயம் இல்லை என்று அடக்கிக்கொண்டாள்.

"அது சரி, இதுல எது எது என்ன வேலை பாக்குதுன்டு சொல்லு" என்றாள் முத்துத்தாய். "நாலு மாசமா எடுத்துக் குடுக்குறேன், எனக்கு ஒண்ணுமே தெரியல. இருதயந்தான சீக்கு? ஒடம்பு பூராம் எதுக்குத் தண்ணி சேருது?"

கடையில் கூட்டம் இல்லை. பாண்டிச்செல்வி ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"உங்க தோட்டத்து மோட்டாரு லோ வோல்டேஜ்ல ஓடுதுன்டு வைங்க. கடைசிப் பாத்திக்குத் தண்ணி போகுமா?"

"எங்கிட்டுப் போக? மூணாவது பாத்தியிலயே நின்டு போகும்."

"அதான். இருதயம் லோ வோல்டேஜ். கிட்னிக்கு ரத்தம் கம்மியாப் போகுது. அது என்ன நெனச்சுக்கிருது? ஒடம்புல தண்ணியே இல்ல, பஞ்சம் வந்துருச்சுன்டு நெனச்சுக்கிருது. உடனே உப்பையும் தண்ணியையும் வெளிய விடாமப் பிடிச்சு வைக்குது. ரத்தக் குழாயெல்லாம் இறுக்குது."

"பஞ்சமே இல்லையே. காலு பூராம் தண்ணியால்ல கெடக்கு."

"அது கிட்னிக்குத் தெரியாதேம்மா. நல்லதுன்டு நெனச்சுத்தான் செய்யுது. ஆனா அதனால இருதயத்துக்குச் சொமை இன்னும் கூடிப்போகுது."

"கூறுகெட்ட ஒடம்பு" என்றாள் முத்துத்தாய். அவளுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. இத்தனை நாள் சும்மா சீக்கு என்று நினைத்தது, உள்ளே யாரோ தப்பாகக் கணக்குப் போட்டதால் வந்தது என்று இப்போதுதான் தெரிந்தது.

பாண்டிச்செல்வி அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள். "இந்தச் சின்ன வெள்ளை, மடையத் தெறந்து விடுறது. ஒண்ணுக்கா போயி வடியும்."

"ஆமா. அதப் போட்டுட்டு ஒருநா பூ மார்க்கெட்டுக்குப் போனாக. மாட்டுத்தாவணி போறதுக்குள்ள மூணு எடத்துல பஸ்ஸ நிறுத்தச் சொல்லி கண்டக்டர்கிட்ட ஏச்சு வாங்குனாக. இப்ப பூவப் போட்டுட்டு வந்துதான் முழுங்குறது."

"இந்தப் பெருசு, பஞ்சம் பஞ்சம்ன்டு உள்ள கத்துற செய்திய அமத்துறது. குழாய எளக்கி விடும். மொதல்ல வேற ஒண்ணு குடுத்து வறட்டு இருமலு வந்துச்சுல்ல?"

"வந்துச்சே. டி.பி.ன்டு ஊரே தள்ளி ஒக்காந்துச்சு."

"அது அந்த மாத்திரையால வந்த இருமலு. மாத்துனதும் நின்டுருச்சு பாருங்க. இதுல அது வராது. ஆனா படுத்துட்டுப் படக்குன்டு எந்திரிச்சாத் தலை சுத்தும். இந்தா, இது இருதயத்த நெதானமா ஓட வைக்கிறது. களைச்சுப் போன மாட்ட அடிச்சு அடிச்சு ஓட்டுற மாதிரி, ஒடம்பு இருதயத்த வெரட்டிக்கிட்டே இருக்கும். இது அந்தச் சாட்டையப் பிடுங்கிக்கிரும். ஆரம்பத்துல அசதியா இருக்கும். ஆனா திடீர்ன்டு நிறுத்திறக் கூடாது, ஆபத்து."

முத்துத்தாய் மஞ்சள் மாத்திரையைத் தொட்டாள். "இது சுகர் மாத்திரையில்ல? சுகரே இல்லாத மனுசனுக்கு எதுக்குன்டு அப்பவே கேட்டேன்."

"இது சர்க்கரைய ஒண்ணுக்குல இறக்கி விடும்மா. அதோட உப்பும் தண்ணியும் சேந்து போகும். இருதயத்துக்கும் நல்லதுன்டு இப்பக் குடுக்குறாக. அந்த எடத்தக் கழுவிச் சுத்தமா வச்சுக்கணும், இல்லாட்டி அரிக்கும். கார்த்திகையில நீங்கதான் வந்து கேட்டீகளே, தென்னமரத்தடியில எறும்பு மொய்க்குதுன்டு."

உண்மைதான். கொல்லையில் காசிமாயன் வழக்கமாக ஒதுங்கும் தென்னைமரத்தின் அடியில் கட்டெறும்பு சாரை சாரையாக வந்து அவள் பதறிப்போனாள். சுகர் வந்துவிட்டது என்று அழுதாள். மாத்திரையால்தான் என்று பாண்டிச்செல்வி சொன்ன பிறகுதான் சோறு இறங்கியது.

"இப்பவும் எறும்பு வருதா?"

முத்துத்தாய் கொஞ்ச நாளாகத் தென்னையடியைப் பார்க்கவேயில்லை.

"மொதல்ல அதப் போயிப் பாருங்க" என்றாள் பாண்டிச்செல்வி. பிறகு ஐந்தாவது அட்டையைக் கையில் எடுத்தாள். "இது, உப்பப் பிடிச்சு வையின்டு ஒடம்பு போடுற உத்தரவக் கிழிச்சுப் போடுறது. ஆனா பொட்டாசியத்த ஏத்தி விட்டுரும். அதான் எளநி கூடாதுன்டது. அப்புறம்…"

அதற்குள் இரண்டு மூன்று ஆண்கள் வந்து கவுண்டரில் கையூன்றி நின்றுவிட்டார்கள். பாண்டிச்செல்வி குரலைத் தாழ்த்தினாள். "சில ஆம்பளைகளுக்கு இதுல வேற ஒரு தொந்தரவும் வரும்மா. ஐயா ஏதும் சொன்னாரா?"

"என்ன தொந்தரவு?"

"அவருகிட்டயே கேளுங்க" என்றாள். வெள்ளைக் கோட்டுக்குள் இருந்த செல்லக்கிளி மகள் அந்த இடத்தில் கூச்சப்பட்டாள்.

முத்துத்தாய் வீட்டுக்கு வந்ததும் நேராகக் கொல்லைக்குப் போனாள். தென்னையடியில் நனைந்து காய்ந்த தடம் இருந்தது. எறும்பு ஒன்றுகூட இல்லை. குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தாள். வெயில் ஏறிவிட்டதால் வரவில்லையோ, மாசியில் எறும்பு புற்றுக்குள் போய்விடுமோ என்று ஒரு சந்தேகம் வந்தது. சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஒருவர்மேல் குற்றம் சாட்டுவது அவள் வழக்கமில்லை. உள்ளே போய் ஒரு கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொண்டுவந்து, அதே இடத்தில் ஓரமாக ஊற்றினாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுத் திரும்பி வந்தபோது, சீனித் தண்ணீர் ஊற்றிய இடம் கறுத்துக் கிடந்தது. கட்டெறும்புகள் முட்டி மோதிக்கொண்டிருந்தன. ஒரு முழம் தள்ளி இருந்த அவருடைய தடத்தை ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை.

காசிமாயன் சம்பங்கிக் காட்டில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். பத்து மணிக்குள் முடிகிற வேலை பாதியில் கிடந்தது. கூடையில் கால்வாசிப் பூ. துண்டு மார்பை மூடியிருந்தது.

"எத்தன நாளாச்சு நிறுத்தி?"

"என்னத்த?"

"எறும்பு வரலங்க."

அவருக்குப் புரியவில்லை. சொன்னாள். சீனித் தண்ணீர் ஊற்றியதையும் சொன்னாள்.

"நீயெல்லாம் போலீஸ்ல சேர வேண்டியவ" என்றார். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை மூச்சு வாங்கியது.

பிறகு இடுப்பில் இருந்து திருநீற்றுப் பையை எடுத்து அவள் மடியில் போட்டார். குலதெய்வக் கோயில் திருநீறு வைத்திருக்கும் சுருக்குப் பை. பிரித்தாள். உள்ளே திருநீறு அப்பி, வெள்ளையும் மஞ்சளும் இளஞ்சிவப்புமாக மாத்திரைகள் கிடந்தன. தினமும் அட்டையிலிருந்து பிதுக்கி இதில் போட்டிருக்கிறார். பதினோரு நாள் மாத்திரை.

"தூக்கிப் போட மனசு வரல. பச்சை முடிஞ்சதும் போட்டுக்கிருவம்ன்டுதான்."

பச்சை என்றால் மாசிப் பச்சை. எங்கள் பக்கத்தில் சிவராத்திரிக்குக் குலசாமியின் பெட்டியைப் பெட்டி வீட்டிலிருந்து எடுத்து, நாலு கிலோமீட்டர் நடந்து கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். பெட்டிக்குள் சாமியின் உடுப்பும் நகையும் இருக்கும். அதைத் தலையில் சுமக்கிற உரிமை காசிமாயன் வீட்டுக்கு. சுமக்கிறவர் இடுப்புக்கு மேல் துணி இருக்கக் கூடாது. கிளம்புவதற்கு முன் மாமன் மச்சான்மார் வந்து, கேலி பேசிக்கொண்டே அவர் மார்பில் சந்தனத்தை அள்ளி அப்புவார்கள். அதற்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

"பச்சைக்கும் மாத்திரைக்கும் என்னங்க?"

காசிமாயன் சுற்றிலும் பார்த்தார். பக்கத்துக் காட்டில் யாரும் இல்லை. துண்டை எடுத்தார்.

முத்துத்தாய் முப்பது வருசமாகப் பார்த்த மார்பு அது. இரண்டு பக்கமும் காம்பைச் சுற்றி உப்பி நின்றது. வயசுக்கு வருகிற பெண்பிள்ளைக்கு நிற்கிற மாதிரி இருந்தது. கையை நீட்டித் தொட்டாள். அவர் "ஸ்ஸ்" என்று பின்னால் சாய்ந்தார்.

"வலிக்குதா?"

"துணி பட்டாலே வலிக்குது. தையிலயே ஆரம்பிச்சுருச்சு. எந்த மாத்திரைன்டு தெரியல, அதான் எல்லாத்தையும் நிறுத்திட்டேன். பச்சைக்குள்ள வத்திரும்ன்டு பாத்தேன். வத்தல." துண்டை மடியில் சுருட்டிக்கொண்டார். "இத வச்சுக்கிட்டு நான் எப்பிடி முத்து பெட்டி தூக்க? சந்தனம் அப்ப வர்றவன் கைய வைப்பான்ல? ஊரே பாக்கும்ல? நான் தூக்கலேன்டா அடுத்த உரிமை அழகுபாண்டிக்கு. அவன் அப்பன் காலத்துல இருந்து அதுக்குத்தான் காத்துக்கெடக்காக."

"என்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"நீ சிரிச்சுப்புடுவ."

முத்துத்தாய்க்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "செத்துப் போயிருந்தா? அப்ப சிரிச்சுருப்பனா நானு? பெட்டியத் தூக்கணும்ன்டு பெட்டியில போகப் பாத்தீகளே!" என்று கத்தினாள். கத்தும்போதே அழுகை வந்துவிட்டது. ஊரார் பாலில் கால் படி தண்ணீரைக் கண்டுபிடிக்கிறவள், ஒன்றாகப் படுத்து எழுகிற மனிதனின் துண்டுக்குள் இருந்ததைக் கண்டுபிடிக்கவில்லையே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவர் துண்டை எடுத்து மறுபடி போர்த்திவிட்டாள். வலிக்காமல் போர்த்தினாள்.

பன்னிரண்டு மணிக்குள் மதுரை ஆரப்பாளையம் பஸ்ஸில் இருந்தார்கள்.

டாக்டரம்மா காலை அழுத்திப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். பிறகு சட்டையைக் கழற்றச் சொன்னார். காசிமாயன் சுவரைப் பார்த்துக்கொண்டு கழற்றினார்.

"எந்த மாத்திரைன்னு தெரியும். உங்க தப்பு ஒண்ணும் இல்லய்யா" என்றார் டாக்டரம்மா. "உப்பைப் பிடிச்சு வைக்கச் சொல்லி உடம்பு அனுப்புற ஒரு சுரப்பை இது தடுக்குது. ஆனா அந்தச் சுரப்பும், ஆம்பளைத்தன்மைக்கான சுரப்பும் கொஞ்சம் ஒரே மாதிரி சாயல். இந்த மாத்திரைக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் சரியாத் தெரியாது. அதையும் சேத்துத் தடுத்துடும். பத்துப் பேர்ல ஒருத்தருக்கு இப்படி வரும்."

"அப்ப ஆம்பளைத்தனம் போயிருச்சுங்களா?" காசிமாயன் சுவரிடமே கேட்டார்.

"எதுவும் போகல. இதே வேலையைப் பாக்குற இன்னொரு மாத்திரை இருக்கு. அதுக்குக் கண்ணு நல்லாத் தெரியும், வேண்டியதை மட்டும் தடுக்கும். அதை மாத்தித் தர்றேன். வீக்கம் வத்த மூணு நாலு மாசம் ஆகும்." டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "இருமல் வரும், தலைசுத்தும்னு எல்லாம் சொன்னேன். இதைச் சொல்லல. சங்கடப்படுவீங்கன்னு விட்டுட்டேன். சொல்லியிருக்கணும்."

முத்துத்தாய்க்கு அந்த அம்மாளை அப்போதுதான் பிடித்தது.

"பெட்டி?" என்று கேட்டார் காசிமாயன். என்ன பெட்டி என்று முத்துத்தாய்தான் விளக்கினாள்.

"நாலு கிலோமீட்டர் தலைச்சுமையா? இந்த வருசம் பேச்சே கிடையாது."

நாலு நாள் படுக்கையில் வைத்து ஊசி போட்டார்கள். இரண்டு கிலோ தண்ணீர் வடிந்தது. ஒவ்வொரு நாளும் எவ்வளவு என்று நர்சிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் முத்துத்தாய் காபி குடிக்கவில்லை.

பச்சைக்கு இரண்டு நாள் முன்பு பங்காளிகள் பெட்டி வீட்டில் கூடினார்கள். அந்த வீட்டு வாசலைத் தாண்டினால் ஆண்கள் மேல்துணி இல்லாமல்தான் உள்ளே போக வேண்டும். பெண்கள் வெளியே வேப்பமர நிழலில் நிற்பார்கள். முத்துத்தாய் அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். காசிமாயன் வாசலில் ஒரு கணம் நின்றார். போகாமல் திரும்பி வந்துவிடுவார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் துண்டை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனார்.

யாரோ ஒருவர் "க்கும்" என்று கனைத்தார்.

"பாத்துக்கிருங்க" என்றார் காசிமாயன். "இருதய மாத்திரையில வந்தது. மாத்திரைய மாத்தியாச்சு, வத்திரும்ன்டாக. இதுக்கு வெக்கப்பட்டு மாத்திரைய நிறுத்தினேன், மூச்சு நிக்கப் பாத்துச்சு. இந்த வருசம் என்னால பெட்டி தூக்க முடியாது. முறைப்படி அழகுபாண்டி தூக்கட்டும்."

சிரிக்கலாமா வேண்டாமா என்று இருந்த ஒன்றிரண்டு முகங்கள் கடைசிப் பேச்சில் அடங்கின. எல்லோரும் அழகுபாண்டியைத் தேடினார்கள். அவன் உள்ளேயே வரவில்லை. வாசலுக்கு வெளியே, முழுக்கைச் சட்டையில் மேல் பொத்தான்வரை போட்டு நின்றுகொண்டிருந்தான்.

"எனக்கு வேணாம். என் தம்பி தூக்கட்டும்" என்றான்.

இரண்டு தலைமுறையாகக் கேட்டுச் சண்டை போட்ட உரிமை. ஊரே வாயைப் பிளந்தது. காசிமாயன்மேல் இருந்த பேச்செல்லாம் அந்த நொடியில் அவன்மேல் திரும்பியது. அவன் நிற்காமல் நடந்து போனான். நடக்கும்போது காலை அகட்டி, வயிற்றை முன்னால் தள்ளி, பாரம் ஏற்றிய மாதிரி போனான். முத்துத்தாய் அந்த நடையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலை பால் வண்டி போன பிறகும் அழகுபாண்டியின் கேன் சொசைட்டியிலேயே இருந்தது. அவன் வெளியே போவதும் உள்ளே எட்டிப் பார்ப்பதுமாக இருந்தான். காசிமாயன் தராசில் ஏறி நின்றுகொண்டிருந்தார். மேலே துண்டு இல்லை. அறுபத்தொன்று முந்நூறு.

கடைசி ஆளும் போனதும் அழகுபாண்டி உள்ளே வந்தான். சட்டைப் பையிலிருந்து பாதியாக வெட்டிய ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேசையில் வைத்தான்.

"மதினி" என்றான். ஆறு வருசம் கழித்து வந்த சொல். "ஈரல் கெட்டுப்போச்சுன்டு, வயித்துத் தண்ணி வத்துறதுக்குக் குடுத்தாக. அண்ணனுக்கு வேணாம்ன்டு நிறுத்துன மாத்திரை இதுதானான்டு பாருங்க."

முத்துத்தாய் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். இப்போது அவளுக்கு அந்தப் பெயர் தெரியும். அதேதான்.

"எப்ப நிறுத்துனீக?"

"பொங்கலுக்கு."

அவள் அவன் சட்டையைப் பார்க்கவில்லை. முகத்தைத்தான் பார்த்தாள். கன்னம் ஒட்டிக் கிடந்தது.

"சொல்லாமக் கெடந்தீகளே" என்றாள்.

"எப்பிடிச் சொல்ல? யாருகிட்டச் சொல்ல?"

"நாளைக்கழிச்சு எங்களுக்கு டாக்டரப் பாக்கப் போகணும். பச்சை முடிஞ்ச காலையில ஆறு மணி பஸ். நீங்களும் வாரீக. அங்க ஈரலப் பாக்குற டாக்டரும் இருக்காக. எந்த மாத்திரைய மாத்துறதுன்டு அவுக சொல்லட்டும், நம்மளா ஒண்ணும் செய்ய வேணாம்." பழைய காலண்டரிலிருந்து புதுத் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கம் திருப்பி, மேலே அழகுபாண்டி என்று எழுதினாள். "இப்பத் தராசுல ஏறுங்க."

அவன் தயங்கினான். சட்டையைக் கையால் இழுத்து வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். "நாளைக்கு ஏறுறனே மதினி."

காசிமாயன் தராசிலிருந்து இறங்கி, பங்காளிக்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றார்.

"ஏறுடா தம்பி" என்றார். "இவகிட்ட நம்மால தண்ணிய மறைக்க முடியாது."